சீனி ஏறுமுன் பேசும் புரதங்கள்: இன்சுலின் எதிர்ப்பை இரத்தப் பரிசோதனையில் கண்டுகொள்ள ஒரு முழு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கும் மேசையில் பல வருடங்களாக இருக்கிறேன். காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்து வாங்கில் காத்திருப்பவர்கள் ரிப்போர்ட் வாங்கும்போது கேட்பது ஒரே கேள்விதான்: "தங்கச்சி, சீனி எவ்வளவு?" சுன்னாகம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அண்ணைக்கு ஒருநாள் 98 என்று சொன்னேன். முகம் மலர்ந்து, கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவர் திரும்பும்போது பின்கழுத்தைக் கண்டேன். மடிப்புகளில் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணிபோல இருந்தது. அந்த 98ஐ 98இலேயே பிடித்து வைக்க, இன்சுலினைச் சுரக்கும் அவருடைய சதையி எவ்வளவு பாடுபடுகிறது என்பது கையில் இருந்த கடதாசியில் இல்லை.

வகை 2 நீரிழிவில் சீனி ஏறுவது கடைசியாக நடப்பது. அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே உடல் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துவிடும். இரத்தத்தில் ஓடும் சில புரதங்களில் அது தெரியத் தொடங்கும். அவற்றில் எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் போய் இரத்தம் கொடுக்க வேண்டும், வந்த எண்ணை எப்படி வாசிக்க வேண்டும், எதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை என்பதையெல்லாம் என் மேசையில் இருந்து பார்த்த அளவில் எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மாற்றுவதும் உங்கள் டொக்டரின் வேலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2005, 2006இல் நடந்த பெரிய ஆய்வொன்றில், இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டார்கள். ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் அந்தக் கணக்கு எடுக்கப்பட்டது. போர்க்காலம் என்பதால் வடக்கும் கிழக்கும் அதில் சேரவில்லை. எங்கள் ஆட்கள் எண்ணப்படாமல் போன அந்த வருடங்களில் இளைஞராக இருந்தவர்கள்தான் இப்போது நாற்பது, ஐம்பது வயதில் என் முன்னால் கை நீட்டுகிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன

இன்சுலின் ஒரு சின்னப் புரதம். 51 அமினோ அமிலங்கள், இரண்டு சங்கிலிகள், அவ்வளவுதான். 1921இல் ரொறன்ரோவில் பான்ரிங்கும் பெஸ்ற்றும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதைப் படலையில் வந்து கூப்பிடும் ஆள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தசைக் கலத்தின் மேற்பரப்பில் இருக்கும் வாங்கி என்ற புரதம் அந்தக் குரலைக் கேட்டு உள்ளே சொல்லும். உள்ளே இருக்கும் காவிகள் மேலே வந்து குளுக்கோசை எடுத்துக்கொண்டு போகும். ஈரலுக்குப் போகும் செய்தி வேறு: இனிக் குளுக்கோசு விட வேண்டாம், போதும்.

வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் தசையிலும் கொழுப்புச் சேரச் சேர, வீட்டுக்குள் இருப்பவர்களுக்குக் காது மந்தமாகிறது. படலையில் நிற்பவர் உரத்துக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதாவது, முன்பு கொஞ்ச இன்சுலினில் நடந்த வேலைக்கு இப்போது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தேவைப்படுகிறது. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. சதையி ஈடுகொடுக்கும்வரை சீனி ஒழுங்காகவே இருக்கும். அது களைக்கத் தொடங்கும் நாளில்தான் சீனி ஏறுகிறது. பிரித்தானியாவில் நடந்த நீண்டகால ஆய்வொன்று, நீரிழிவு என்று கண்டுபிடிக்கும் வேளையிலேயே சதையியின் சுரக்கும் திறனில் ஏறத்தாழப் பாதி போய்விட்டிருப்பதைக் காட்டியது.

படி 1: ஊசிக்கு முன் நாடா

தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று வீட்டில் இருந்தால் போதும். விலாவின் அடி எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் சுற்றளவை எடுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். எங்களைப் போன்ற தெற்காசிய உடல்வாகுக்கு ஆண்களில் 90 சென்ரிமீற்றர், பெண்களில் 80 சென்ரிமீற்றர் என்பது எல்லைக்கோடு. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கும் உடல் எங்களிடம் நிறைய. நிறை சரியாகத்தான் இருக்கிறது என்று தராசு சொன்னாலும் நாடா வேறு கதை சொல்லும்.

பின்கழுத்து, அக்குள், மடிப்புகளில் தோல் கறுத்திருக்கிறதா பாருங்கள். அது அழுக்கில்லை, தேய்த்துக் கழுவினாலும் போகாது. இரத்தத்தில் இன்சுலின் கூடியிருந்தால் தோல் அப்படித் தடிக்கலாம். பிள்ளைகளின் கழுத்தில் கண்டு, "ஒழுங்காகக் குளிக்கிறாயில்லை" என்று ஏசும் தாய்மாரைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து ஏசாதீர்கள், டொக்டரிடம் காட்டுங்கள்.

பெற்றோருக்கோ சகோதரத்துக்கோ சலரோகம், கர்ப்ப காலத்தில் சீனி ஏறியது, சூலகத்தில் நீர்க்கட்டி, ஈரலில் கொழுப்பு என்று ஸ்கானில் எழுதியது, இவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: இரத்தம் கொடுக்கப் போகும் முறை

இங்கேதான் மிகக் கூடுதலாகப் பிழை நடக்கிறது. வெறும் வயிறு என்றால் 8 தொடக்கம் 12 மணித்தியாலம், தண்ணீர் மட்டும். ஓர் அம்மா ஒருநாள் என்னிடம் சொன்னார்: "பிள்ளை, ஒண்டும் சாப்பிடேல்லை, வெறும் பிளேன்ரீ மட்டும்தான். சீனி போடேல்லை, பனங்கட்டி கடிச்சுத்தான் குடிச்சனான்." பனங்கட்டியிலும் இருப்பது பெரும்பாலும் சீனியேதான். அன்று அவருக்கு இரத்தம் எடுக்கவில்லை, மற்ற நாள் வரச் சொன்னேன். மறுபக்கம், கந்தசஷ்டி விரதத்தில் நாள்கணக்காகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு வந்து கொடுத்தாலும் எண் உங்கள் வழக்கமான உடலைக் காட்டாது.

காய்ச்சல், சளி, பல்வலி, ஆறாத புண் இருக்கும்போது இந்தப் பரிசோதனைகளுக்குப் போக வேண்டாம். மாரியில் டெங்கு வந்து எழும்பியவர்கள் சில கிழமை பொறுங்கள். தலைமயிருக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் குளிசை போடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சில இயந்திரங்களில் அது ஓமோன் அளவைப் பிழையாகக் காட்டிவிடும். எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று ஆய்வுகூடத்தில் கேளுங்கள். நீரிழிவுக் குளிசைகளை அன்று காலை போடுவதா விடுவதா என்பதை டொக்டரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

படி 3: முதல் சுற்று, மலிவானவை

இன்சுலின் அளவுக்கு ஓடுவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்: வெறும் வயிற்றுக் குளுக்கோசு, எச்பிஏ1சி, முழுக் குருதிக் கலக் கணக்கு, கொழுப்பு, ஈரலின் ஏ.எல்.டி, சிறுநீரில் அல்புமின். இவற்றில் பல அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் டொக்டர் எழுதிக் கொடுத்தால் காசில்லாமலே செய்யலாம்.

குளுக்கோசு ஒரு டெசிலீற்றருக்கு 100 தொடக்கம் 125 மில்லிகிராம் என்றால் நீரிழிவுக்கு முன்நிலை, 126உம் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு. நோய் அறிகுறி இல்லாவிட்டால் இரண்டாம் முறையும் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். உலக சுகாதார நிறுவனம் முன்நிலையை 110இல் இருந்து கணக்கிடுகிறது. அதனால் ஒரே எண்ணுக்கு இரண்டு இடத்தில் இரண்டு விளக்கம் கேட்க நேரலாம், குழம்ப வேண்டாம். ரிப்போர்ட் மில்லிமோல் கணக்கில் இருந்தால் 18ஆல் பெருக்குங்கள்.

எச்பிஏ1சியைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் அதைச் சீனி என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு புரதத்தின் கதை. செங்குழியத்துக்குள் இருக்கும் ஈமோகுளோபின் என்ற புரதத்தில் குளுக்கோசு மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது பிறகு கழராது. செங்குழியம் சுமார் 120 நாள் உயிரோடு இருப்பதால், எத்தனை சதவீத ஈமோகுளோபினில் சீனி ஒட்டியிருக்கிறது என்பது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைச் சொல்லும். 5.7 தொடக்கம் 6.4 வரை முன்நிலை, 6.5இல் இருந்து நீரிழிவு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தவர்களில் சீனி கூடாமலே இந்த எண் கூடிக் காட்டலாம். எங்கள் பெண்களில் இரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். என் பெரியம்மாவுக்கு எச்பிஏ1சி 6.6 வந்து வீடே கலங்கிப் போனது. வெறும் வயிற்றுக் குளுக்கோசோ 94. இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஈமோகுளோபின் 8.9 என்று அதே ரிப்போர்ட்டின் மற்றப் பக்கத்தில் இருந்தது. டொக்டர் இரும்புக் குளிசை தந்து, இரத்தம் ஏறியபின் திரும்பப் பார்த்தார். 5.8 வந்தது. அதற்குள் பெரியம்மா சோற்றைப் பாதியாகக் குறைத்து, நன்றாக மெலிந்துவிட்டார். தலசீமியா உள்ளவர்கள், அண்மையில் இரத்தம் ஏற்றியவர்கள், இரத்தம் இழந்தவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரிலும் எச்பிஏ1சியை மட்டும் நம்பக்கூடாது. பலரில் எண் குறைத்துக் காட்டும், அது இன்னும் ஆபத்து. இப்படிப்பட்டவர்களுக்கு புரக்டோசமைன் என்ற பரிசோதனை உதவலாம். அது சீரத்தில் இருக்கும் புரதங்களில், முக்கியமாக அல்புமினில், ஒட்டிய சீனியை அளந்து இரண்டு மூன்று கிழமைக் கணக்கைச் சொல்லும். ஈமோகுளோபின் அளவில்லாமல் எச்பிஏ1சியை வாசிக்காதீர்கள் என்பதை இந்தக் கட்டுரை முழுவதிலும் அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன்.

கொழுப்பில் ரைகிளிசரைட்டு 150க்கு மேல், நல்ல கொழுப்பு என்கிற எச்.டி.எல் ஆண்களில் 40க்கும் பெண்களில் 50க்கும் கீழ், இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் இன்சுலின் எதிர்ப்பைச் சந்தேகிக்கலாம். இவை புரதமல்ல, ஆனாலும் மலிவான நல்ல சாட்சிகள். ஏ.எல்.டி ஈரல் கலங்களுக்குள் இருக்கும் ஒரு நொதியம், அதுவும் புரதம்தான். சாராயமும் இல்லை, செங்கமாரியும் இல்லை, அப்படியும் ஏ.எல்.டி கூடியிருந்தால் ஈரலில் கொழுப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிறுநீரில் அல்புமினைப் பார்ப்பது வேறு காரணத்துக்காக. இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரக வடியில் ஒழுகத் தொடங்கியிருக்கிறதா என்று அது சொல்லும். ஒரு கிராம் கிரியற்றினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை கூடிவந்தால் பயப்படாமல், சில மாதங்களுக்குள் திரும்பச் செய்து உறுதிப்படுத்துங்கள். காய்ச்சலும் கடும் உடற்பயிற்சியும்கூட அதைக் கூட்டும்.

படி 4: இன்சுலினும் சி-பெப்ரைட்டும்

முதல் சுற்றில் சந்தேகம் வந்து, டொக்டரும் தேவை என்று சொன்னால் வெறும் வயிற்று இன்சுலினைப் பார்க்கலாம். அதே ஊசியில் குளுக்கோசும் எடுக்க வேண்டும். ஒன்றை இன்றும் மற்றதை அடுத்த கிழமையும் எடுத்தால் கணக்கு பொருந்தாது.

இன்சுலின் எதிர்ப்பை மதிப்பிடும் அந்தக் கணக்கின் பெயர் ஹோமா. 1985இல் ஒக்ஸ்போர்ட்டில் உருவானது. வெறும் வயிற்று இன்சுலினை வெறும் வயிற்றுக் குளுக்கோசால் பெருக்கி, குளுக்கோசு மில்லிகிராமில் இருந்தால் 405ஆலும் மில்லிமோலில் இருந்தால் 22.5ஆலும் வகுக்க வேண்டும். இன்சுலின் மைக்ரோ யூனிற்றில் இருக்க வேண்டும். பிக்கோமோலில் தந்திருந்தால் முதலில் சுமார் 6ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

சுன்னாகத்து அண்ணையைச் சொன்னேனே, அவர் பிறகு டொக்டரின் துண்டோடு திரும்பி வந்தார். இடுப்பு 101 சென்ரிமீற்றர். குளுக்கோசு அதே 98, இன்சுலின் 19. பெருக்கினால் 1862, அதை 405ஆல் வகுத்தால் 4.6. பலர் 2 தொடக்கம் 2.5க்கு மேல் போனால் எதிர்ப்பு இருப்பதாக எடுக்கிறார்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் இன்சுலின் அளவு வேறுபடுவதால் எல்லாருக்கும் பொதுவான கோடு இல்லை, ஆனால் 4.6 எந்தக் கோட்டையும் தாண்டியதுதான். அவருடைய சதையி அந்த 98க்காகப் பட்ட பாடு அப்போதுதான் கடதாசியில் எழுத்தாக வந்தது.

இப்போது இன்னொருவரை எடுங்கள். குளுக்கோசு 210, இன்சுலின் 5. கணக்கு 2.6தான் வரும். அண்ணையைவிட நல்ல நிலை என்று நினைத்தால் பெரும் பிழை. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்து, குரலே இறங்கிவிட்டது. சீனி நன்றாக ஏறியபின் ஹோமாவைத் தனியே வாசிக்கக்கூடாது என்பது இதனால்தான். இன்சுலின் ஊசி போடுபவர்களில் இந்தக் கணக்குக்குப் பொருளே இல்லை. கிளிக்கிளசைட், ரொல்பியூட்டமைட் போன்ற குளிசைகள் சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஊசி போடுபவர்களுக்குச் சி-பெப்ரைட். சதையி முதலில் ஒரு நீளமான புரதத்தைச் செய்து, அதை வெட்டித்தான் இன்சுலினை எடுக்கிறது. வெட்டும்போது மிஞ்சும் துண்டு சி-பெப்ரைட். ஒரு இன்சுலினுக்கு ஒரு துண்டு, கணக்குத் தப்பாது. இன்சுலினில் பாதியளவு ஈரலிலேயே அழிந்து, மிச்சமும் சில நிமிடங்களில் போய்விடும். சி-பெப்ரைட்டோ அரை மணித்தியாலம்போல நிற்கும். போத்தலில் வரும் ஊசி இன்சுலினில் அது இல்லை. ஆகவே உங்கள் சொந்தச் சதையி எவ்வளவு செய்கிறது என்பதை அதுதான் சொல்லும். கூடியிருந்தால் எதிர்ப்பு. சீனி கூடியிருக்கும்போதே அது மிகக் குறைவாக இருந்தால் சுரப்பே போதவில்லை. சிறுநீரகம் பழுதானால் அது வெளியேறாமல் தேங்கிக் கூடிக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மெலிந்த ஒருவருக்குத் திடீரென்று சீனி ஏறி, நிறை வேகமாக இறங்கி, சி-பெப்ரைட்டும் குறைந்திருந்தால் அது வகை 2 இல்லாமலும் இருக்கலாம். அப்போது, உடல் தன் சதையியையே தாக்குகிறதா என்று காட்டும் காட் (GAD) பிறபொருளெதிரியைப் பார்க்கச் சொல்வார்கள். காசு கூடத்தான், ஆனால் அந்த நிலையில் அது கட்டாயம் பார்க்க வேண்டியது. நாள் கடத்தாதீர்கள்.

இரத்தம் எடுத்தபின் நடப்பதையும் கேட்டறியுங்கள். செங்குழியத்துக்குள் இன்சுலினை அழிக்கும் நொதியம் இருக்கிறது. செங்குழியம் உடைந்தால் அது வெளியே வந்து, அளக்குமுன்னரே இன்சுலினைத் தின்றுவிடும். ஒருமுறை வேறோர் இடத்தில் எடுத்த ரியூப் எங்களுக்கு வந்தது. வெயிலில் மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் வந்திருக்க வேண்டும். சுழற்றி எடுத்தால் வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்க வேண்டிய சீரம் நாவற்பழம் கழுவிய தண்ணீர்போல இருந்தது. அளந்திருந்தால் நல்ல குறைவான எண் வந்திருக்கும், அவரும் சந்தோசமாகப் போயிருப்பார். அளக்கவில்லை, திரும்ப எடுத்தோம். எனவே இரத்தத்தை எடுத்த இடத்திலேயே சுழற்றிப் பிரிப்பார்களா, குளிரில் அனுப்புவார்களா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

படி 5: மற்றப் புரதங்கள்

கொழுப்புக் கலங்கள் விடும் அடிப்போனெக்ரின், எதிர்ப்புக் கூடினால் குறையும். ஈரல் செய்யும் எஸ்.எச்.பி.ஜி என்ற, பால் ஓமோன்களைக் காவும் புரதமும் குறையும். லெப்ரின் கூடும். பெற்றுயின்-ஏ என்று ஈரலில் இருந்து வரும் ஒன்று இன்சுலின் வாங்கியையே தடுக்கக்கூடியது. 2023இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு 54 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இரத்தத்தில் ஏறத்தாழ 3 ஆயிரம் புரதங்களை ஒரேயடியாக அளந்தது. இந்தத் துறை வேகமாகப் போகிறது, எனக்கும் மிகுந்த ஆசை. ஆனால் இன்று உங்கள் சிகிச்சையை இவை மாற்றப் போவதில்லை. காசை மிச்சம் பிடியுங்கள்.

இரண்டுக்கு மட்டும் விதிவிலக்கு. அழற்சியில் கூடும் சி.ஆர்.பி என்ற புரதத்தை நுண்ணிய அளவில் அளப்பது இதய ஆபத்தைப் பார்க்க உதவும்: லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் குறைவு, 3க்கு மேல் கூட. 10ஐத் தாண்டினால் எங்கோ கிருமித் தொற்றோ வேறு அழற்சியோ இருக்கலாம், ஆறியபின் திரும்பப் பாருங்கள். மற்றது பெரிற்றின். இரும்பைச் சேமிக்கும் அந்தப் புரதம் குறைந்திருந்தால் இரும்பில்லை. கொழுப்பு ஈரலிலும் அழற்சியிலும் அது கூடும். அப்படிக் கூடியதைக் கண்டு இரும்பு நிறைய இருக்கிறது என்று முடிவுகட்டக்கூடாது.

படி 6: டொக்டரிடம் போகும்போது

எல்லா ரிப்போர்ட்டையும் திகதி வரிசையில் ஒரே கிளினிக் கொப்பியில் ஒட்டுங்கள். இடுப்பளவு, போடும் குளிசைகள், நாட்டு மருந்து எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பாவற்காய்ச் சாறு குடிப்பதை மறைக்காதீர்கள், அதுவும் சீனியைக் குறைக்கலாம். பிறகு மூன்றைக் கேளுங்கள்: எனக்கு எதிர்ப்புக் கூடவா, சுரப்புக் குறைவா? இரத்தசோகை என் எச்பிஏ1சியை மாற்றியிருக்கிறதா? அடுத்ததை எப்போது, எதற்காகச் செய்ய வேண்டும்?

படி 7: அடுத்த மூன்று மாதம்

2006இல் வெளியான இந்திய ஆய்வு, முன்நிலையில் இருந்தவர்களைச் சுமார் மூன்று வருடம் பின்தொடர்ந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் நீரிழிவு வருவது 28.5 சதவீதம் குறைந்தது. மெற்போமின் என்ற நீரிழிவுக் குளிசை போட்டவர்களில் 26.4 சதவீதம். எங்களைப் போன்ற உடல்வாகு, சோறு தின்னும் ஆட்கள், நடை மருந்துக்குக் குறையவில்லை.

இங்கே இரவுச் சாப்பாடுதான் பெரிய வேலை. புட்டும் இடியப்பமும் மா. சிவப்பரிசி மா என்றாலும் மா. இரண்டு நீத்துப் பெட்டிப் புட்டை ஒன்றாக்கி, அந்த இடத்துக்கு முருங்கையிலை வறை, மீன், அவித்த பயறு, கத்தரிக்காய் வையுங்கள். வறையையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுப் புட்டுக்கு வந்தால் சீனி மெதுவாக ஏறும். சாப்பிட்ட கையோடு கதிரையில் சாயாமல் பதினைந்து நிமிடம் ஒழுங்கைக்குள் நடவுங்கள். முடிந்தவர்கள் மாலையில் பண்ணைப் பாலத்துக் காற்றுக்குப் போகலாம்.

நடை மட்டும் போதாது, தசைக்கும் வேலை வேண்டும். குளுக்கோசைக் கூடுதலாக எடுப்பது தசைதான், சுருங்கி விரியும் தசை இன்சுலின் கூப்பிடாமலே எடுக்கும். துலாவில் தண்ணீர் இறைத்த என் அப்புவின் தோளை நினைத்துக்கொள்வேன். இப்போது எல்லா வளவிலும் மோட்டர். இரண்டு தண்ணீர்ப் போத்தலைத் தூக்கியாவது, கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருந்தாவது அந்த வேலையைக் கொடுங்கள். ஊசியோ சுரப்பைத் தூண்டும் குளிசையோ போடுபவர்கள் இவற்றைத் தொடங்குமுன் டொக்டரிடம் சொல்லுங்கள். சீனி திடீரென்று இறங்கலாம்.

எச்பிஏ1சியை மூன்று மாதத்துக்கு முன் திரும்பச் செய்வது வீண். பழைய செங்குழியங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். கொழுப்பும் அப்போதே பார்க்கலாம். இன்சுலினைத் திரும்பப் பார்ப்பதானால் அதே ஆய்வுகூடம், அதே இயந்திரம். சிறுநீர் அல்புமின் வருடத்துக்கு ஒருமுறை.

சுன்னாகத்து அண்ணை நான்கு மாதம் கழித்து வந்தார். இடுப்பு 95. குளுக்கோசு 93, இன்சுலின் 11, ஹோமா 2.5. கழுத்தின் கறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை, மங்கியிருந்தது. கொப்பியைப் பார்த்துத் தானே பெருக்கி வகுத்துச் சரிபார்த்தார். அடுத்த கிழமை அவருடைய அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா சேலைத் தலைப்பை ஒதுக்கி ஊசிக்குக் கையை நீட்டினார். நான் லாச்சியைத் திறந்து முதலில் நாடாவை எடுத்தேன்.